பச்சை மலைக்குக் கரி பூசிய கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்ட் செய்கிற ஒரு கம்பெனியில் பல வருடமாக எனக்கு ஒரே வேலை. நிறம் பார்ப்பது. கேட்பதற்குப் பெண் பார்ப்பதுபோலச் சுகமான காரியமாகத் தோன்றும். வாடிக்கையாளர் கொடுத்த தகட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தகட்டை வைத்து, இரண்டும் ஒரே நிறந்தானா என்று சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. அதற்குள் மூன்று விதமான விளக்குகள். டியூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு பச்சைகள், பகல் வெளிச்ச விளக்கைப் போட்டதும் நீ யாரோ நான் யாரோ என்று ஆகிவிடும். பார்த்து முடித்ததும் தகட்டின் பின்பக்கம் முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூலத் தகடு என்றால் ‘மாஸ்டர்’. ஒத்துப்போகவில்லை என்றால் ‘ஃபெயில்’. என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு டப்பா வெளியே போகாது. இந்த அதிகாரத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் எந்த மரியாதையும் கிடையாது.

வாரம் ஆறு நாள் நிறத்தோடு மாரடிக்கிறவன் ஏழாவது நாள் என்ன செய்வான்? நிறத்தைப் பிடுங்கிப் போடுவான். அப்படித்தான் நான் கறுப்பு வெள்ளைப் புகைப்படக்காரன் ஆனேன். பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். எடிட்டிங்கை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் ஏரி, கொக்கு, சாயங்கால வானம் என்று எல்லோரும் எடுப்பதையே எடுத்து ஒரு வாட்ஸப் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அதில் ஒருவர் என் சொந்தக்காரர். பிறகு ஒரு நாள் கவரைப்பேட்டையில் ரயில் பாதையோரம் தீப்பிடித்து மொட்டையாக நின்ற பனைமரங்களை எடுத்துப் போட்டேன். குழுவே கண்ணீர் விட்டது. யாரோ ஒருவர் ‘இயற்கையின் ஓலம்’ என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து எரிந்த இடம்தான் என் துறை என்று முடிவு செய்துவிட்டேன்.

நண்பர்களும் ஒத்துழைத்தார்கள். எங்காவது புகை தெரிந்தால் எனக்குப் போன் செய்வார்கள். ஒருமுறை சவுக்குத் தோப்பு எரிகிறது என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் குப்பை. என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்வாள், “ஊர்ல எங்கனா எரிஞ்சா ஃபயர் சர்வீஸுக்கு முன்னாடி இவருக்குத்தான் தகவல் போவுது. இவரு போனா அணைக்கவும் மாட்டாரு.” அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை என்பது பிறகு நிரூபணமாயிற்று.

என் மனைவியின் தம்பிக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் மலையடிவாரத்தில் கரும்பு வயல் இருக்கிறது. என் கலையை முகத்துக்கு நேராக விமர்சித்த ஒரே ஆள் இந்த மச்சான்தான். பனைமரப் படத்தைக் காட்டியபோது போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னா மாமா, டிவி ரிப்பேரா?” என்றான்.

அந்தச் சித்திரையில் இரண்டு நாள் லீவில் குடும்பத்தோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பங்குனியிலேயே கோடை மழை ஒன்று பெய்து மலை பச்சென்று இருந்தது. வேம்பும் புங்கனும் புதுத்தழை விட்டு மினுமினுத்தன. தொழில் புத்தி விடாது. இந்தப் பச்சையை எங்கள் ஆலையில் கொண்டுவர எத்தனை கலவை போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நாஷ்டா தின்றுகொண்டிருந்தேன். புகைப்படம் எடுக்கத் தோன்றவில்லை. பச்சையாக இருக்கிற மலையை யார் பார்ப்பார்கள்?

வெட்டி முடித்த கரும்பு வயலில் சோகை, அதாவது காய்ந்த கரும்பிலை, முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மச்சான் காலையில் அதற்குத் தீ வைத்துவிட்டு, மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். காற்று திரும்பியது. தீ வரப்பைத் தாண்டி, காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடு மாதிரி மலையை நோக்கி ஓடியது. அதை முதலில் பார்த்தது மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. அந்த ஊர்க்காரர். இருபது ஆடு வைத்திருந்தார், மேய்ச்சலுக்கு அந்த மலையைத் தவிர வேறு இடம் கிடையாது. அவர் போட்ட சத்தத்தில்தான் ஊர் ஓடி வந்தது. ஒரு வேப்பங்கிளையை முறித்துக்கொண்டு அவர் தனியாளாகத் தீயை அடிக்கத் தொடங்கியிருந்தார். பின்னாலேயே மச்சான், பக்கத்து வயல்காரர்கள், என் மனைவி எல்லோரும் கிளையும் ஈரச் சாக்குமாக ஓடினார்கள்.

நானும் ஓடினேன். வீட்டை நோக்கி, கேமரா எடுக்க.

நான் திரும்பி வந்தபோது தீயை அணைத்திருந்தார்கள். வயலிலிருந்து அடிவாரம் வரை ஒரு பட்டை, அடிவாரத்தில் கொஞ்சம் புல், அவ்வளவுதான் எரிந்திருந்தது. மேலே ஒரு மரத்துக்கும் சேதம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் வரப்பில் ஏறி நின்று அகலமாக நாலைந்து படம் எடுத்தேன். அந்த அம்மா அடிவாரப் பாறையில் ஆரஞ்சுப் புடவையில், கையில் கருகிய கிளையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காட்டிலாகாவுக்கு யாரும் சொல்லவில்லை. அணைந்துபோன நெருப்பைப் போய் யார் சொல்வார்கள்?

அடுத்த ஞாயிறு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இங்கே தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அப்பாவிகள். நிறம் போகாது, ஒளிந்துகொள்ளும். பச்சைக்கு ஒரு ஸ்லைடர், மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று திரையோரம் வரிசையாக இருக்கும். எதை இடப்பக்கம் தள்ளுகிறோமோ அந்த நிறத்தில் இருந்ததெல்லாம் இருண்டுபோகும். நான் நீலத்தைத் தள்ளினேன். வானம் புகை மண்டியதுபோல ஆனது. பச்சையைத் தள்ளினேன். மலையிலிருந்த வேம்பும் புங்கனும் ஒவ்வொன்றாகக் கரிக்கட்டையாகின. மச்சானின் தீயால் முடியாததை என் சுண்டுவிரல் செய்து முடித்தது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாக எரிந்த இடத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாம்பலுக்கு நிறம் இல்லை. அதனால் எந்த ஸ்லைடருக்கும் அது கட்டுப்படாது. சுற்றிலும் எல்லாம் கறுத்தபோது அது மட்டும் வெளேரென்று நின்றது. வயலிலிருந்து மலைக்குத் தீ ஓடிய கோடு, படத்தில் அழகான ஒரு ஒற்றையடிப் பாதையாகத் தெரிந்தது. உயிரோடு இருந்ததெல்லாம் செத்துப்போய், செத்தது மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல், பாறைமேல் இருந்த அந்த அம்மா. ஆளில்லாத மலையில் ஒரு ஆள் இருந்தால் சோகம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஈரப் பெயிண்டில் விழுந்த தூசியை எடுப்பதுபோல இரண்டு தீற்றலில் எடுத்துவிட்டேன். அவர் இருந்த இடத்தில் பாறை தானாக வளர்ந்து மூடிக்கொண்டது.

படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“மாமா, இது எந்த ஊரு?”

“உங்க ஊருதான்டா. உன் வயல்லருந்து எடுத்தது.”

“பச்சப்பசேல்னு கீற மலைக்கு ஏன் மாமா கரி பூசி வச்சிகினு கீற? மலை உன்ன இன்னா பண்ணுச்சு?”

கலை தெரியாதவனிடம் என்ன பேசுவது என்று போனை வைத்துவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபின் திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கைப் புகைப்படக் கண்காட்சி நடந்தது. வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரத்தைக்கூட இன்னும் எடுக்கவில்லை. என் படத்துக்கு ‘மனிதன் கை வைத்தது’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த மனிதன் என்றுதான் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். “எல்லாம் கருகிப்போன காட்டுக்குள்ள ஒரு வெள்ளைப் பாதை போகுது பாருங்க. அதுதான் நம்பிக்கை” என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டாம் பரிசாக ஒரு ஷீல்டும் ஒரு நாவல் மரக்கன்றும் கொடுத்தார்கள். கன்றைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு, ஷீல்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மண்டபத்திலிருந்து கிளம்புவதற்கு முன்னால் காக்கி உடுப்பில் ஒருவர் பக்கத்தில் வந்து, “எந்த மலை சார் இது?” என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தேன். ஊர் பெயர், எந்தப் பக்கத்துச் சரிவு, எந்த மாதம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். எத்தனை மணிக்கு எடுத்தேன் என்பதையும் என் போன் நம்பரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ரசிகர் என்று நினைத்தேன். அவர் அந்தப் பகுதிக்குக் காட்டிலாகா ரேஞ்சர்.

பத்து நாள் கழித்து, நான் வேலையில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் ரசனை எதுவும் இல்லை.

“சார், அந்த மலையில அவ்வளவு பெரிய தீ பிடிச்சிருக்கு, எங்களுக்கு ஒரு தகவலும் வரல. இப்ப போய்ப் பார்த்தா மழை பெஞ்சு எல்லாம் பச்சையா இருக்கு. அன்னிக்கு எப்படி இருந்ததுன்னு உங்க படம்தான் சொல்லுது. அங்க ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சுட்டிருக்கோம். புதுப்புல் வரணும்னு தீ வச்சிருப்பாங்க. முழு மலைன்னா கேஸ் பெருசு சார், மேய்ச்சல் அனுமதியும் போயிடும். உங்க படம் ஒரு பிரிண்ட் வேணும். பின்னாடி தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

பின்பக்கம் கையெழுத்துப் போடுவது எனக்குப் புதிதா என்ன? என் எதிரே பெட்டிக்குள் இரண்டு பச்சைத் தகடுகள் இருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தும் எது எது என்று அன்று புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடிட் செய்யாத கலர் படத்தைத் திறந்தேன். மலை பச்சையாக இருந்தது. பாறைமேல் ஆரஞ்சுப் புடவை, கையில் கிளை. எரிந்தது எவ்வளவு, எரியாதது எவ்வளவு, அணைத்தது யார் என்று எல்லாமே அதில் இருந்தது. இதைக் கொடுத்தால் அந்த அம்மாவுக்கு ஒரு தொல்லையும் வராது. ஆனால் அதே படத்தில், விரலால் சுட்டிக்காட்டுவதுபோல, சாம்பல் கோடு மச்சானின் வயலிலிருந்துதான் புறப்பட்டது. சிறப்பு விருந்தினர் நம்பிக்கை என்று சொன்னாரே, அதே கோடு.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “என் தம்பி வயல்லருந்து கோடு போட்டாமாரி கீது. இதக் கொண்டு போய்க் குடுத்து அவனைக் காட்டிக் குடுத்துட்டு வந்து, என் கையால சோறு துன்னலாம்னு நெனைக்காதீங்க” என்றாள். படம் என்றால் காட்டும். காட்டிக் கொடுக்கவும் செய்யும் என்று எந்த வீடியோவிலும் சொல்லித் தரவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கலை ஞானம் பிறந்துவிட்டது.

“மாமா, அந்தக் கறுப்புப் படத்தையே குடுத்துடு. அதான் ப்ரைஸ் வாங்கின படம். கலரெல்லாம் யாருக்கு ஓணும்? கறுப்பு வெள்ளைதான் மாமா அழகு.”

“அந்தம்மா மேல கேஸ் போவுதுடா. மலைக்கே ஆட்டை விட முடியாது.”

“ரெண்டு நாள் உக்கார வச்சி அனுப்பிடுவான் மாமா. நமக்குத்தான் பேஜாரு, பொண்ணுக்கு வேற இப்ப இடம் பாத்துகினு கீறோம்.” அப்புறம் குரல் இறங்கிப் பேசினான். “அன்னிக்கி மொதல்ல கத்தினதே அதான் மாமா. அது கத்தலன்னா மலை நெசமாவே நீ காட்டினாமாரி ஆயிருக்கும். நா மோட்டார் கொட்டாய்ல உக்காந்துகினு பீடி புடிச்சிகினு இருந்தேன்.” கொடு என்றும் சொல்லாமல் கொடுக்காதே என்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

நான் நல்லவன் என்பதால் கலர் படத்தைக் கொடுக்க முடிவு செய்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் எனக்கு ஓடிய யோசனையெல்லாம் ஷீல்டைத் திருப்பிக் கேட்பார்களா, வாட்ஸப் குழுவில் என் சாயம் வெளுத்துப்போகுமா என்பதைப் பற்றித்தான். மூன்றாம் நாள் வேலையில் ஒரு தகட்டுக்கு ஃபெயில் போட்டுக் கையெழுத்திட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஊரான் செய்த பச்சையில் நூலளவு கறுப்பு கூடிவிட்டது என்று மொத்தச் சரக்கையும் நிறுத்துகிறவன் நான். ஒரு மலையையே கறுப்பாக்கி மண்டபத்தில் மாட்டியிருக்கிறேன். அன்றே இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டேன். கலர் படத்தின் பின்னால் ‘மாஸ்டர்’ என்று எழுதினேன். பரிசு வாங்கிய படத்தைத் திருப்பி, பழக்கப்பட்ட கையால் ‘ஃபெயில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரேஞ்சர் ஆபீசில் அந்த அம்மா சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அதே ஆரஞ்சுப் புடவை. என்னைப் பார்த்ததும் “நம்ம ஊரு மாப்ள” என்று ரேஞ்சரிடம் சொல்லிச் சிரித்தார், அவருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தேன். ரேஞ்சர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். எங்கள் ஆலையில் சேர்ந்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

“மலை எரியவே இல்லையா சார்?”

“அடிவாரப் புல் மட்டும்தான் சார். மீதியை நான்தான் கறுப்பாக்கினேன்.”

அவர் சாம்பல் கோட்டின்மேல் விரலை வைத்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய் வயலில் நிறுத்தினார். “இது யார் நிலம்?”

“என் மச்சான் நிலம்” என்றேன்.

மச்சானுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு, எரிந்த புல்லுக்கு அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டினான். மகளுக்கு இடமும் அமைந்தது. அந்தப் பொங்கலுக்கு மட்டும் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வழக்கம்போல இரண்டு கரும்பு பஸ்ஸில் வந்தது, சோகையைச் சுத்தமாக உரித்து. மனைவி நான்கு நாள் என்னோடு பேசாமல் சோறு போட்டாள். ஷீல்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது, கண்காட்சிக்காரர்கள் அது கலைஞனின் சுதந்திரம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அன்று ரேஞ்சர் ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதத் தொடங்கியபோது, அந்த அம்மா எழுந்து மேசைக்கு வந்தார். கலர் படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அய்ய, இது நாந்தான். பாறை மேல குந்திகினு கீறேன். கையில கெளை கூட கீது பாரு” என்று ரேஞ்சருக்குக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு, “நீங்க போகலாம்மா, இனிமே கூப்பிட மாட்டோம்” என்றார். அந்த அம்மா போகவில்லை. படத்தைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராக்கினார். பாறையைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

“இதுல நா எங்க நைனா?”

“எடுத்துட்டேம்மா.”

“இன்னாத்துக்கு?”

கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்க இல்லன்னா படம் நல்லா இருக்கும்னு.”

அவர் இன்னொரு முறை அந்தப் படத்தைப் பார்த்தார். கறுத்த மலையை, கரியாகி நின்ற வேம்பை, வெள்ளைக் கோட்டை, பாறையை, எதையும் விடாமல் பார்த்தார். பிறகு அதை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நல்லாக் கீதா?”

ரேஞ்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.